லாச்சியைப் பூட்டியவர்

கல்முனையில் எங்கள் சுனாமி நிவாரண அலுவலகத்தின் கணினிச் சேர்வரைப் பார்த்துக்கொண்டவருக்கு ஒரு பழக்கம். தேநீர் குடிக்க எழுந்தாலும் மேசை லாச்சியைப் பூட்டி, பூட்டு விழுந்ததா என்று இழுத்துப் பார்ப்பார். தேய்த்த சட்டை, அத்தர் வாசம், தூசி படாத சப்பாத்து. அண்ணன் முறையில் அவரை நானா என்று கூப்பிடுவேன்.

நாங்கள் கொடுத்த புதிய வள்ளங்களின் படங்கள் இணையத்தில் திறக்கவில்லை என்று பணம் தந்த வெளிநாட்டவரிடமிருந்து முறைப்பாடு வந்தது. அவர் முழு சேர்வருக்கும் இருந்த கடவுச்சொல்லையே எடுத்துவிட்டார். இடம்பெயர்ந்தவர்கள் யார் வீட்டில் தங்கியிருக்கிறார்கள் என்று நான் கேட்டுப் பதிந்த விபரங்களும் அதே சேர்வரில்தான் இருந்தன.

"நானா, படங்கள மட்டும் திறந்தாப் போதாதா?" என்றேன்.

"ஒவ்வொண்டாச் செய்ய நேரமில்ல தங்கச்சி. நம்மட விபரத்த ஆரு பாக்கப் போறான்?"

பொடியன்களை ஆயுதக்காரர் சண்டைக்கென்று பிடித்துக்கொண்டு போன காலம் அது. மகனை மாமி வீட்டில் ஒளித்து வைத்திருந்த தம்பிலுவில் ஊர்த் தாய் ஒருத்தி அடுத்த கிழமை வந்து நின்றாள்.

"உங்களுக்கிட்ட மட்டுந்தானே, மகள், நான் சொன்னன். வந்தவனுகள் மாமிட வீட்டு இலக்கத்தோட வந்திருக்கானுகள்."

பொடியன் பின்கதவால் ஓடிவிட்டான். எங்கே என்று அவளுக்கும் தெரியாது.

அவர் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. நாலைந்து விசைகளைத் தட்டினார். "மூடிட்டன். இனிப் பிரச்சின இல்ல," என்றார். பிறகு லாச்சியைப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, அசர் தொழப் போனார். அந்தத் தாய் அவருடைய கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த லாச்சிக்குள் அப்படி என்னதான் வைத்திருந்தாரோ. நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.