எவர்சில்வர் வைக்கக் கூடாத மேஜை

தங்கையா அண்ணாச்சி போய்விட்டார் என்ற செய்தியை எனக்குச் சொன்னவர் எங்கள் பழைய கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்த வெங்கட்ராமன். குர்லா ஸ்டேஷன் மேம்பாலம், சாயங்காலக் கூட்டம் எங்கள் இருவரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு போகிறது. "மார்வலியாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சுடுத்து," என்றார். கையோடு இன்னொன்றும் சொன்னார். "ஞாயித்துக்கிழமை தாராவியில இரங்கல் கூட்டம் வெச்சிருக்கா. பழைய கம்பெனிக்காரா எல்லாரும் வரா. நீங்கதான் நன்னா எழுதுவேளே, நாலு வார்த்தை எழுதிக் குடுங்கோ. நல்லதா."

அந்த 'நல்லதா'வில்தான் எனக்கு எரிச்சல் வந்தது. கம்பெனி மூடிய அன்று கேட்டுக்கு வெளியே நின்று, "எங்க குடியைக் கெடுத்த பாவி" என்று அண்ணாச்சியைத் திட்டியவர்களில் இதே வெங்கட்ராமன் உண்டு. கூட்டத்துக்கு வரப்போகிற நீங்களும் உண்டு. ஆகவே நல்லதாக எழுதுவதை உங்களுக்கே விட்டுவிட்டு, நடந்ததை எழுதுகிறேன். எனக்கும் அவருக்கும் ஆகாது. ஆள் செத்துப்போனார் என்பதற்காக இன்றைக்கு ஆகிவிடாது.

நம்மைத் தெரியாதவர்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். குர்லாவில் எங்கள் கம்பெனி எனாமல் தட்டும் கோப்பையும் செய்தது. வெள்ளைக்காரன் காலத்துக் கம்பெனி. நீல விளிம்பு போட்ட எங்கள் வெள்ளைத் தட்டு இல்லாத வீடு ஒரு காலத்தில் பம்பாயில் குறைவு. பிறகு எவர்சில்வர் வந்தது, எங்கள் தட்டைக் கேட்பாரில்லை. நான் ஆபீஸில் டைப்பிஸ்ட். அண்ணாச்சி எனாமல் சுடுகிற உலையில் ஃபோர்மன். மதியம் தமிழ் ஆட்கள் எல்லோரும் ஆபீஸ், உலை என்று பார்க்காமல் கான்டீனில் ஒரே நீள மேஜையில் உட்காருவோம். சாம்பாரோடு தினமும் ஒரே விவாதம்: கம்பெனி எழுமா, எழாதா? எழும் என்ற கட்சிக்கு அண்ணாச்சி தலைவர். எழாது என்பதை நான் மட்டும் வாய்விட்டுச் சொன்னேன். நீங்கள் மனசுக்குள் சொல்லிக்கொண்டீர்கள்.

ஒரு நாள் நான் டப்பாவைத் திறக்கும்போது அண்ணாச்சி கையை நீட்டித் தடுத்தார்.

"டைப்பம்மா, அத அங்கிட்டு எடுங்க."

"ஏன்?"

"நம்ம சோத்துல மண்ணள்ளிப் போட்டதே இந்த எவர்சில்வருதான். அதுலயே சோத்தக் கொண்டாந்து நம்ம மேசையில வைக்கியளே, வெக்கமா இல்ல?"

"என் டப்பாவை மாத்தினா உங்க கம்பெனி பொழைச்சுடுமா?"

"எங்க கம்பெனியா? அப்பம் ஒங்களுக்குச் சம்பளம் எவன் குடுக்கான்?"

மறுநாளிலிருந்து அது மேஜைச் சட்டமாயிற்று. டப்பாக்கள் ஜன்னல் கட்டையில் இருக்க வேண்டும், சோற்றைக் கம்பெனியின் மூளித் தட்டில் கொட்டிக்கொண்டு வந்து உட்கார வேண்டும். வீட்டில் எச்சில் பத்துப் பார்க்கிற வெங்கட்ராமன்கூட யாரோ தின்ற தட்டில் ரசஞ்சாதம் பிசைந்தார். நான் அந்த மழைக்காலம் முழுக்க ஜன்னலோரம் நின்றபடியே என் டப்பாவிலிருந்து சாப்பிட்டேன். உங்களில் ஒருவர் எழுந்து வந்து என் பக்கத்தில் நிற்கவில்லை. அதையும் நான் மறக்கவில்லை.

சாப்பாட்டுச் சண்டையோடு நின்றிருந்தால் இன்று சிரித்துக்கொண்டே எழுதியிருப்பேன். ஆரோக்கியம் விஷயம் அப்படியல்ல.

நம் உலை இரவும் பகலும் எரிய வேண்டிய உலை. பழைய செங்கல், ஒரு தரம் ஆறினால் வெடித்துவிடும். புது உலை கட்ட முதலாளிகளுக்கு மனசில்லை, இதை அணைக்க ஒரு சாக்குக் கிடைக்காதா என்று காத்திருந்தார்கள். ஷிப்டுக்கு ஆள் குறைவதே போதும். "ஒல எரியுத மட்டும் கம்பெனி சாவாது," என்பது அண்ணாச்சியின் வேதவாக்கு. அப்போதுதான் செம்பூர்ப் பக்கம் புதிதாக வந்த தொழிற்சாலையில் உலையில் பழகிய ஆட்களை எடுத்தார்கள். உலைக்கூலி ஆரோக்கியம், தாராவிக்காரர், இரண்டு பெண்குழந்தைகள், என் மேஜைக்கு வந்து தயங்கித் தயங்கி, "ஒரு மனு அடிச்சுத் தருவியளாம்மா?" என்று கேட்டார். பாதி அடித்திருப்பேன். ஆபீஸ் படியே ஏறாத அண்ணாச்சி உள்ளே வந்தார், மெஷினிலிருந்து காகிதத்தை உருவினார், கிழித்துப் போட்டார்.

"இவன் போனா நாளைக்கு இன்னொருத்தன் போவான். பொறவு ஒலையில யாரு நிப்பா, நீங்களா?"

"அவர் குழந்தைகளுக்கு நீங்களா சோறு போடுவேள்?" என்று கத்தினேன்.

"போடுதேன்," என்றார்.

ஆரோக்கியம் தரையைப் பார்த்தபடி, "விடுங்கம்மா, அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார். அதற்குப் பிறகு அவர் என் மேஜைக்கு வரவேயில்லை.

சீனச் சண்டைக்குப் பிறகு பட்டாளத்துக்கு மக் செய்யும் ஆர்டர் வந்ததல்லவா, அப்போது அண்ணாச்சியைப் பிடிக்க முடியவில்லை. புது மக்கில் டீ ஊற்றி எடுத்துவந்து என் டைப்ரைட்டர் பக்கத்தில் டக்கென்று வைத்தார். "கம்பெனி எந்திச்சுட்டுல்லா? குடிங்க!" நான் குடிக்கவில்லை. ஆடை படிந்து ஆறிப்போன டீயைப் பியூன் எடுத்துப் போனான்.

ஆர்டர் முடிந்தது, புது ஆர்டர் வரவில்லை. தீபாவளி லீவில் ரிப்பேர் என்று சொல்லி உலையை அணைத்தார்கள். திரும்பி வந்தபோது செங்கல் பிளந்திருந்தது, கேட்டில் நோட்டீஸ் தொங்கியது. அண்ணாச்சி பேச்சுக்குக் கட்டுப்பட்டு நீங்கள் யாரும் மனுப் போடாமல் விட்ட செம்பூரில் இடமெல்லாம் நிரம்பி வெகுநாளாகியிருந்தது. நீங்கள் திட்டியதற்கெல்லாம் அண்ணாச்சி "சவம், அணச்சிட்டானுவளே," என்று மட்டும் சொன்னார். ஆரோக்கியம் இன்று குர்லாவில் கிடைத்த நாளில் மூட்டை தூக்குகிறார்.

செய்தி கேட்ட மறுநாள் தாராவிக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. அண்ணாச்சியின் மனைவி பேச்சியம்மாள் எனக்குக் கடுங்காப்பி கொடுத்தார், எவர்சில்வர் தம்ளரில். நிமிர்ந்து பார்த்தால் சுவர்ப் பலகை முழுக்க எவர்சில்வர் பளபளக்கிறது. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவளிடம் மாற்றியதாம். அண்ணாச்சியின் கம்பெனிக் காக்கிச் சட்டைகளும் அந்த மூட்டையில்தான் போயிருக்கின்றன.

"அவர் ஒண்ணும் சொல்லலையா?"

"என்ன சொல்லுவாவ? 'வாங்கிக்கோ, இனி ஊரே இதத்தான் வாங்கப் போவுது'ன்னாவ. செம்பூருல ஆளு எடுக்கதுக்கும் முந்தியே, நம்ம மூத்தவ சமைஞ்சப்பம்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆரோக்கியத்தின் மனுவைக் கிழிப்பதற்கும் முன்னால்! நம்பி ஏமாந்த மனுஷன் என்றல்லவா இத்தனை நாள் பாதி மன்னித்து வைத்திருந்தேன்? அவருக்குத் தெரியும். நான் நினைத்ததையேதான் அவரும் நினைத்திருக்கிறார். தன் வீட்டு அடுப்படியில் தோற்றுவிட்ட வாதத்தை நம் மேஜையில் அதட்டி ஜெயித்திருக்கிறார். ஊருக்குத்தான் உபதேசம் என்று சொல்ல வாயெடுத்தேன். துக்க வீடு என்று அடக்கிக்கொண்டேன்.

புறப்படும்போது பேச்சியம்மாள் மூலையில் இருந்த அரிசிப் பானையைக் காட்டினார். "ஆரோக்கியம் வீட்டுக்கு மாசாமாசம் இதுலருந்துதான் அளந்து போவும். கம்பெனி மூடுன பொறவு அவுக ஒரு பட்டறையில சம்மட்டி அடிச்சுட்டு இருந்தாவல்லா, அந்தக் காசு. 'நான் சொன்ன வாக்கு'ம்பாவ. இனி என்ன செய்யப் போறமோ."

அரிசியைக் கேட்டு நான் உருகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நிரந்தர வேலையும் மாதம் ஒரு பை அரிசியும் ஒன்றாகிவிடாது. ஆரோக்கியத்துக்கு அவர் செய்தது அநியாயம்தான். எதிரில் இருந்தால் இன்றைக்கும் முகத்துக்கு நேரே சொல்வேன். எதிரில் இல்லையே என்பதுதான் எனக்கு ஆத்திரம். ஆனால் அந்த மேஜையில் வாய்கிழியப் பேசிய நம்மில், பேசிய சொல்லுக்குச் சம்மட்டி தூக்கியவர் அவர் ஒருவர்தான்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்த ஒரு சொல்லை மட்டும்: "போடுதேன்." ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் மாலையும் ஊதுவத்தியும் வாங்கி வராதீர்கள். ஆரோக்கியம் வீட்டுக்கு அரிசி கொண்டுவாருங்கள். அந்த மேஜையில் உட்கார்ந்து தலையாட்டிய ஒவ்வொருவரும் கொண்டுவர வேண்டும். நானும் கொண்டுவருவேன், எவர்சில்வர் டப்பாவில்.