தண்ணீர் நிரப்பாத டேங்க்

திண்டிவனத்தில் நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்த காலம். கூட்டேரிப்பட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர் என் ஸ்கூட்டர் ஸ்டாண்டை ஒட்டிக் கொடுத்ததில் பழக்கமானார். ஒழுகும் பெட்ரோல் டேங்கர்கள் அவரிடம்தான் வரும். வாய்வரை தண்ணீர் நிரப்பாமல் எந்த டேங்கிலும் அவர் நெருப்பு வைத்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடையில் பட்டறைக் கிணறு வற்றிவிட்டது.

"லாரி மூணு நாளா நிக்குது சார். காலி டேங்குக்கு எதுக்குத் தண்ணின்னு டிரைவரு பேஜாரு பண்ணிக்கினு கீறான்."

காலி டேங்க்தான் ஆபத்து என்றேன். உள்ளே தங்கும் பெட்ரோல் ஆவி, காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு இருந்தாலே பற்றும். எட்டுப் பங்கைத் தாண்டினால் பற்றாது. பிராணவாயுவைப் போதிய அளவு குறைத்துவிட்டால் எந்த அளவிலும் பற்றாது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எஞ்சின் புகையைக் குழாய் வழியாக உள்ளே விட்டால் போதும் என்றும் சொன்னேன்.

அவர் சிரித்தார். "டேங்குக்கு சாம்பிராணி போடச் சொல்றீங்களா சார்?"

நான் படித்திருந்தது, பிராணவாயு அநேகமாக இல்லாத பெட்ரோல் எஞ்சின் புகையைப் பற்றி. அவரிடம் இருந்தது டீசல் எஞ்சின். சும்மா ஓடும் டீசல் எஞ்சினின் புகையில் பிராணவாயு பெரும்பாலும் செலவாகாமலே வெளிவரும். எந்த எஞ்சின் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை கல்லூரிக்குப் போகும் வழியில் பேருந்திலிருந்து பார்த்தேன். பட்டறை முன் கூட்டம். இறங்கி ஓடினேன். டேங்க் பிளந்து கிடந்தது. அவர் உடலை எடுத்துப் போய்விட்டிருந்தார்கள். ரப்பர் குழாய் ஒன்று சாலையோரம் கிடந்தது. அது எதற்கென்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

"குடிச்சிருப்பான். அதான் தண்ணி ரொப்பல" என்றார் ஒருவர். விசாரிக்க வந்தவரும் அதையே எழுதிக்கொண்டார். நான் அடுத்த பேருந்தில் ஏறி வகுப்புக்குப் போனேன்.

ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் கழித்து, காணை கிராமத்தில் இருந்த அவர் மனைவியைத் தேடிப் போனேன். மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு கை நின்றது.

"அப்ப அவரு குடிக்கலீங்களா?"

"இல்லம்மா."

"எம் பொண்ணுகிட்டகூட, குடிச்சிட்டுத்தான் செத்தாருன்னு சொல்லி வளத்தேன் சார்."

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மகளுக்கு ஃபோன் போட்டு என் கையில் கொடுத்தார்.

"நீங்களே சொல்லுங்க."

மறுமுனையில் "இன்னாம்மா?" என்றது ஒரு குரல். அவளுக்கு என்னைத் தெரியாது. நான் யார் என்பதிலிருந்து தொடங்கினேன்.