பொட்டு ஒட்டிய டிஷ்யூ பாக்கெட்

சிங்கப்பூரில் உணவங்காடி மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால், அந்த நாற்காலிக்கு ஆள் இருக்கிறது என்று பொருள். இங்கே அதைச் 'சோப்' பண்ணுவது என்பார்கள். எல்லா பாக்கெட்டும் ஒரே மாதிரி இருப்பதால், என் அறைத்தோழி தேக்கா சந்தையில் வாங்கிய சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றைத் தன் பாக்கெட்டில் ஒட்டிவைப்பாள். பொட்டு இருந்தால் அது எனக்கான இடம்.

அவளுக்கு மதுரை, எனக்குக் கடலூர். செங்காங்கில் ஒரே அறையில் குடியிருந்தோம். முதல் செமஸ்டரில் கணக்குத் தாளில் கோட்டை விட்டேன். ஊருக்கே திரும்பிவிடுகிறேன் என்று அழுத என்னைக் கல்லூரி உணவங்காடியில் தினமும் எதிரே உட்காரவைத்து, டீ ஆறிப்போகும்வரை சொல்லிக்கொடுத்தாள். மறுதேர்வில் தேறினேன்.

பிறகு எனக்கு நன்றாகப் படிக்கிற கூட்டத்தின் சகவாசம் கிடைத்தது. ஆற்றைக் கடக்கும்வரைதான் அண்ணன் தம்பி என்பார்களே, அந்த ரகம் நான். மூன்றாம் செமஸ்டரில் அவளுக்கு இரண்டு தாள் போனதும், இன்னொன்று போனால் படிப்பே போய்விடும் என்று கடிதம் வந்ததும் எனக்குத் தெரியாது. கேட்டால்தானே தெரியும்.

ஒரு மதியம் என் கூட்டத்தோடு இடம் தேடிப் போனேன். காலி நாற்காலி ஒன்றின் முன்னால் பொட்டு ஒட்டிய பாக்கெட் கிடந்தது.

"இது யாரோடது, தெரியுமா?" என்றாள் கூட வந்தவள்.

"யாரோ சோப் பண்ணியிருக்காங்க லா. வா, அந்தப் பக்கம் போலாம்."

திரும்பினால், கையில் இரண்டு டீயோடு என் தோழி நின்றிருந்தாள். நான் வெட்கமில்லாமல் அவளைத் தாண்டிப் போனேன்.

அந்த முறையும் அவள் தேறவில்லை. பெட்டி கட்டிய அன்றுதான் கடிதத்தைப் பற்றியே எனக்குத் தெரிந்தது. அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை, அவள்மேலேயே கோபப்பட்டேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவள் துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். "சொல்லத்தானே தினமும் சீட் பிடிச்சு வச்சேன்."

பெட்டி மூடவில்லை. "கொஞ்சம் இதுமேல உட்காரு" என்றாள். உட்கார்ந்தேன். அவள் குனிந்து ஜிப்பை இழுத்து மூடினாள்.