வாடகைக் காரில் அரிஸ்தேயா

அரிஸ்தேயாவுக்கு அந்தக் காரைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. புதுசு, வெள்ளை, கதவில் வாடகைக் கடையின் பெயர் கொட்டை எழுத்தில்.

"ஏன்டா சிஃபிஸ், சோப்பு டப்பாவுக்குச் சக்கரம் வெச்சிருக்கியா? இதுல மனுஷன் உட்காருவானா?" என்று அண்ணன் மகனிடம் கேட்டே விட்டாள். எங்கள் தீவின் ரெதிம்னோ துறைமுகத்துக்குப் பின்னால் அவனுக்கு ஒரு சின்னக் கடை. நிற்கிற கார்களில் பெரும்பாலும் இந்த ஜாதிதான்.

"அத்தை, டூரிஸ்டுங்க இதுக்குத்தான் அடிச்சுக்கிறாங்க."

"அவங்களுக்கு என்ன, கடற்கரைக்குப் போய்ப் படுக்கணும். நாங்க நாற்பதாம் நாள் வழிபாட்டுக்குப் போறோம்" என்றார் அவள் புருஷன் மனூசோஸ். சொல்லிக்கொண்டே காரின் உடம்பைத் தடவித் தடவிக் கதவின் கைப்பிடியைத் தேடினார். சிஃபிஸ் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு அத்தையைப் பார்த்தான். அவள் சட்டென்று புருஷன் பக்கம் திரும்பி, நேராக இருந்த சட்டைக் காலரை இன்னொரு தடவை நேராக்கினாள். பையன் சாவியைக் கொடுத்துவிட்டான். எங்கள் பக்கத்தில் ஒருத்தனிடம் உன் பெண்டாட்டியோடு என்ன சண்டை என்றுகூடக் கேட்டுவிடலாம். வண்டி ஓட்ட முடியுமா என்று மட்டும் கேட்க முடியாது. அதிலும் மனூசோஸிடம்!

எங்கள் ஊருக்குப் பஸ் இருந்த காலத்தில் அதை ஓட்டியவர் அவர். பள்ளிக்கூடப் பிள்ளைகள், பாலாடைக்கட்டி மூட்டை, பிரசவ வலியில் துடிக்கிற பெண், எல்லாம் அவர் வண்டியில்தான் மலையை விட்டு இறங்கும். அரிஸ்தேயாவை அவர் பிடித்ததும் அந்தப் பஸ்ஸில்தான். முன் சீட்டில் உட்கார்ந்து ஓயாமல் வாயடித்துக்கொண்டே வருவாளாம். "உங்க பொண்ணு இறங்கிட்டா பஸ்ஸே வெறிச்சுனு இருக்கு" என்று அவள் அப்பாவிடம் போய் நின்றாராம். அப்புறம் ஏறுவதற்கு ஆள் இல்லை என்று பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். போன மாதம் அதுவும் கியர் பெட்டி நொறுங்கி உட்கார்ந்துவிட்டது. பழைய இரும்புக்குப் போடுங்கள் என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டான்.

அங்கிருந்துதான் வினை. ஏதென்ஸில் இருக்கிற மகன் நெக்தாரிஸ் போன் மேல் போன் போட்டான். "ரொட்டி வண்டியே என்னைக்கோ ஒருநாள்தான் மேல வருது. கையில வண்டி இல்லாம அந்த மலையில என்ன பண்ணப் போறீங்க? வீட்டைப் பூட்டிட்டு இங்க வாங்க." அவன் கேட்டதில் தப்பில்லை. ஆனால் அவன் வீடு ஐந்தாவது மாடியில். அவர்களுக்கென்று ஒதுக்கியிருக்கிற அறையின் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். போன வருஷம் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்த அரிஸ்தேயா, "கல்லறையிலயாவது மேல பூ வைப்பாங்க" என்று எங்களிடம் சொன்னாள்.

மனூசோஸ் வீம்புக்காரர். "வண்டி இல்லைன்னா வாடகைக்கு எடுப்பேன்டா! உங்க சித்தி கல்லியோப்பி செத்து நாற்பதாம் நாள் வருதில்ல, ஹெராக்லியோன் வரைக்கும் நானே ஓட்டிட்டுப் போய் நானே திரும்பி வரேன். அப்புறம் நீ இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது" என்றார். மகனும், "சரிப்பா, போய்ட்டு வந்து காட்டுங்க. மேல ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்று ஒப்புக்கொண்டான். அந்த ஒருநாள் பயணத்தில்தான் வீடு இருந்தது. ஒலிவத் தோட்டம், கோழிக்கூண்டு, காபிக் கடையில் அவர் நாற்காலி, எல்லாம் இருந்தது.

சங்கதி என்னவென்றால், மனூசோஸுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. ரெண்டு வருஷமாகக் காபியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றுகிறார். மேஜையில் இருக்கிற கிளாஸைப் புறங்கையால் தேடுகிறார். நேர் எதிரே இருப்பது புகை மூட்டத்துக்குள் தெரிகிற மாதிரி தெரியும். பக்கவாட்டில் ஒன்றுமே தெரியாது. காபிக் கடையில் யாராவது குரல் கொடுத்த பிறகுதான் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். எங்களுக்கெல்லாம் தெரியும். ஒருத்தராவது சொன்னோமா? சொல்லவில்லை. அரிஸ்தேயா ஒரே ஒரு தடவை டாக்டர் என்று வாயெடுத்தாள். "கண்ணுல ஒண்ணுமில்லை, உன் சமையலறையில வெளிச்சம் பத்தலை" என்றார். அவளும் விட்டுவிட்டாள். டாக்டரிடம் போனால் லைசென்ஸ் போகும், லைசென்ஸ் போனால் ஊர் போகும். கணக்கு அவளுக்கும் தெரிந்ததுதான்.

அதனால் பேச ஆரம்பித்தாள். பேசுவது அவளுக்குப் புதுசா என்ன? பிக்கப்பில் ஏறி உட்கார்ந்ததும் தொடங்குவாள். "இந்த வருஷம் வளைவுல இருக்கிற ஒலிவ மரம் எப்படிக் காய்ச்சிருக்கு பாரு" என்றால் இடப்பக்கம் திரும்ப வேண்டும். "வலப்பக்கம் மலையிலேர்ந்து கல்லு விழுந்து கெடக்கு, இந்தப் பஞ்சாயத்துக்காரங்க எப்பத்தான் எடுப்பாங்களோ" என்றால் இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். அவர் ஒதுங்குவார். என்னிடம் வழி சொல்கிறாயா என்று ஒருநாளும் கேட்டதில்லை. தன் சாமர்த்தியம் அவருக்குத் தெரியாது என்றே அவள் நினைத்திருந்தாள்.

சிஃபிஸின் காரில் ஏறி உட்கார்ந்ததும் அவள் முதலில் ரோட்டைத் தேடினாள். பிக்கப்பில் அவள் உயரத்தில் உட்கார்ந்திருப்பாள், ரோடு முழுக்கக் காலடியில் கிடக்கும். இதில் கிணற்றுக்குள் இறங்கியது போல இருந்தது. குள்ள மனுஷி. கழுத்தை நீட்டினாலும் வானமும் முன்னால் போகிற லாரியின் முதுகும்தான் தெரிந்தது. மடியில் வேறு பெரிய தட்டு. தங்கையின் வழிபாட்டில் வைக்க ராத்திரியே கோதுமையை வேகவைத்து, மாதுளை முத்தும் பாதாமும் கலந்து, மேலே சர்க்கரைத் தூளால் மூடி, சிலுவை போட்டு எடுத்து வந்திருந்தாள்.

"தட்டைப் பின்னாடி வையேன்" என்றார் மனூசோஸ்.

"சாய்ஞ்சா சிலுவை கலைஞ்சுரும். நீ உன் ரோட்டைப் பாரு."

ரெதிம்னோவைத் தாண்டிக் கடலோர நெடுஞ்சாலையில் ஏறினார்கள். அந்தச் சாலைக்கு ஒரு வழக்கம் உண்டு. போக ஒரு பாதை, வர ஒரு பாதை, ரெண்டு ஓரத்திலும் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே அகலமாக ஒரு ஓரப்பட்டை. பின்னால் வருகிறவன் விளக்கை அடித்தால், மெதுவாகப் போகிறவன் வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஓரப்பட்டையில் ஏறி ஓடிக்கொண்டே வழிவிட வேண்டும். சட்டத்தில் கிடையாது. ஆனால் தீவில் பிறந்தவன் எவனும் யோசித்துச் செய்வதில்லை, கை தானாகத் திருப்பும். ஒதுங்காமல் நடுவில் போகிறவன் வெளியூர்க்காரன். அவன் அம்மாவிலிருந்து ஆரம்பித்துத் திட்டுவோம்.

கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனது. "லாரி வெங்காயம் ஏத்திக்கிட்டுப் போகுது, வாசனை இங்க வரைக்கும் வருது" என்றாள். அவர் இடைவெளி விட்டார். "கடல் இன்னைக்கு அமைதியா இருக்கு" என்றாள். அவர் நேராகப் போனார். அவளுக்குத் தெரிந்தது பாதி, ஊகித்தது பாதி.

அப்போது பின்னாலிருந்து ஒரு வேன் வந்தது. விளக்கை அடித்தான், ஹாரனையும் அடித்தான். கதவில் வாடகைக் கடையின் பெயர் இருக்கிறதே, டூரிஸ்ட் என்று நினைத்திருப்பான். விடாமல் அடித்தான். மடியில் தட்டு துள்ளியது, அரிஸ்தேயா பதறிப்போய் அதைப் பிடித்தாள். பிடித்தபடியே எப்போதும் சொல்வதைச் சொல்லிவிட்டாள்.

"பாவம் மனூசோ, பின்னாடி ஒருத்தன் அவசரமா வர்றான், அவன் வீட்டுல என்ன கஷ்டமோ."

பிக்கப்பில் என்றால் முதலில் ஓரத்தைப் பார்ப்பாள், அப்புறம்தான் இதைச் சொல்வாள். இன்றைக்குப் பார்க்காமல் சொல்லிவிட்டாள்.

அவர் கை திருப்பியது. கார் ஓரப்பட்டையில் ஏறியது. அங்கே ஒரு கார் நின்றுகொண்டிருந்தது.

அதுவும் வாடகைக் கார்தான். ஒரு இளம் ஜோடி. ஓரப்பட்டை வண்டி நிறுத்தத்தான் என்று நினைக்கிற ஊரிலிருந்து வந்தவர்கள். அந்தப் பெண் வெளியே நின்று காரின் கூரைமேல் வரைபடத்தை விரித்து வைத்திருந்தாள். அரிஸ்தேயா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளைப் பார்த்தாள். கையை நீட்டினால் தொடும் தூரத்தில், திறந்த வாயும் மஞ்சள் தொப்பியுமாக ஒரு முகம். "மனூசோ!" என்று அலறினாள். அவர் ஸ்டீயரிங்கை வெட்டினார். சடாரென்று சத்தம். பக்கக் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கார் குலுங்கி, கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. கோதுமை முழுவதும் அவள் கறுப்புப் பாவாடையிலும் காலடியிலும் கொட்டிக் கிடந்தது.

மனூசோஸ் மூச்சை விட்டார். நிதானமாகத்தான் கேட்டார்.

"என்ன அது? ஆடா?"

அரிஸ்தேயா ஜன்னல் கண்ணாடியை இறக்கிப் பின்னால் பார்த்தாள்.

"எவனோ ஆட்டை ரோட்டுல விட்டிருக்கான். அடி பலமா? இறங்கிப் பாரு."

அதற்குள் அந்தப் பெண்ணே ஓடி வந்துவிட்டாள். முழங்கை சிராய்த்து ரத்தம் கசிந்தது, வேறொன்றுமில்லை. எங்கள் பாஷையில் அவளுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் தெரிந்திருக்கும் போல. "மன்னிச்சுக்கோங்க, மன்னிச்சுக்கோங்க" என்று அதையே சொன்னாள். தாங்கள் நிறுத்தியது தப்பு என்று நினைத்துவிட்டாள், பைத்தியக்காரப் பெண்! ஜன்னல் வழியாகக் கையை விட்டு, அரிஸ்தேயாவின் மடியிலிருந்து கோதுமையை அள்ளி அள்ளித் தட்டில் போட்டாள். அரிஸ்தேயா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். சூடாக இருந்தது. அதை விடவே அவளுக்கு மனசு வரவில்லை, அழுதாள். கடைசியில் கூட இருந்தவன் வந்து அந்தப் பெண்ணைத் தோளில் அணைத்து மெதுவாக அழைத்துக்கொண்டு போனான்.

மனூசோஸ் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். பெண்குரல் அவர் காதில் விழுந்திருந்தது. முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

"சின்னப் பொண்ணா?"

"ம்."

"எத்தனை வயசிருக்கும்?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு மனூசோ?"

அவர் என்ஜினை அணைத்தார். வண்டிகள் விர் விர்ரென்று கடந்து போயின, ஒவ்வொன்றுக்கும் அந்தச் சின்னக் கார் ஆடியது.

"உனக்குப் பார்வை இல்லைன்னு எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும்" என்றாள் அவள். இவ்வளவு நாள் கழித்து, இப்படி நடு ரோட்டில், இவ்வளவு சுருக்கமாக.

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்டி. ஒலிவ மரம் காய்க்காத மாசத்துல காய்ச்சிருக்குன்னு சொல்லுவ. நான் என்ன முட்டாளா?"

"அப்புறம் ஏன் ஓட்டின? படுபாவி, அப்புறம் ஏன் ஓட்டின!"

"நீ சொன்னியே, அதனால ஓட்டினேன்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. "ஒருநாள் நீ வாயை மூடியிருந்தா, அன்னைக்கே சாவியைத் தூக்கிப் போட்டிருப்பேன். தினமும் காத்திருந்தேன். நீ ஏறி உட்கார்ந்ததும் பேச ஆரம்பிச்சுருவ. சரி, இவளுக்குத் தெரியாததா, இவ பார்த்துக்குவான்னு விட்டுட்டேன்."

அரிஸ்தேயா அவரைக் காப்பாற்றுகிறோம், வீட்டைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் இத்தனை நாளும் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் பாட்டுக்கு ஓட்டுவதை நிறுத்தியிருப்பார். தினமும் அவரைத் தள்ளிக்கொண்டு போனது இவள் நாக்கு. அந்த மஞ்சள் தொப்பிக்காரியை நோக்கித் திருப்பியதும் அதே நாக்குதான். ஒரு சாண் இந்தப் பக்கம் வந்திருந்தால் அந்தச் சூடான கை இந்நேரம் தார்ரோட்டில் கிடந்திருக்கும்.

"மெதுவா வீட்டுக்குப் போயிரலாமா? பழைய ரோட்டு வழியா. நீ சொல்லிக்கிட்டே வா" என்றார். கெஞ்சலாக இருந்தது குரல். எங்கள் மலையில் யாரும் அவரிடம் அந்தக் குரலைக் கேட்டதில்லை.

அவள் சாவியை உருவிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். சிஃபிஸைப் போனில் கூப்பிட்டு வரச் சொன்னாள். தட்டை மூடினாள். அப்புறம் ஏதென்ஸுக்குப் போன் செய்தாள்.

"என்னம்மா, அதுக்குள்ள ஹெராக்லியோன் போய்ச் சேர்ந்தாச்சா?" நெக்தாரிஸ் சிரித்தான். "அப்பா எப்படி ஓட்டினாரு?"

மனூசோஸ் தலையைத் திருப்பி, அவள் எங்கே இருக்கிறாளோ அந்தப் பக்கம் பார்க்க முயன்றார்.

"உங்கப்பா நல்லாத்தான்டா ஓட்டினாரு" என்றாள் அரிஸ்தேயா. "பார்க்க வேண்டியவ நான். நான்தான் பார்க்கல. நீ அந்த ரூமை ஒழிச்சு வை."