ஆறாம் வாரத்து எதிர்வாதம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். புது வகுப்பு தொடங்கும் முதல் நாளே சட்டம் பேசிவிடுவேன். "தனித்தாள் என்கிட்ட செல்லாது. எட்டு வாரமும் எழுதுறது ஒரே ஃபைல்ல, வரிசையா, நூல் கோத்து இருக்கணும். ஒரு தாளை மட்டும் உருவிக்கிட்டு வந்து நீட்டினா ரெண்டு மார்க் போயிடும்." ஏழு வருடமாக இதே பாட்டைப் பாடுகிறேன். இந்த வருடம் வந்து சேர்ந்த ஓர் அக்காவிடமும் பாடினேன்.

பாடத்தின் பெயர் விமர்சனச் சிந்தனையும் எழுத்தும். டிப்ளமாவில் சேருகிற எல்லாருக்கும் கட்டாயம். யாருக்கும் பிடிக்காது. பிள்ளைகள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'தலைவலி பீரியட்'. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, மூன்றாம் மாடியில், சுற்றாத இரண்டு மின்விசிறிகளுக்குக் கீழே நடக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கான வகுப்பு என்பதால் பாதிப் பேர் தூங்கி வழிவார்கள். நானும் பார்த்தும் பாராததுமாக விட்டுவிடுவேன்.

நியாயமாகப் பார்த்தால் அக்காதான் தூங்கியிருக்க வேண்டும். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், ஒரு கம்பெனி குத்தகைக்கு எடுத்து நடத்தும் சலவைக் கூடத்தில் இரவு ஷிஃப்ட் முடித்து நேராக வகுப்புக்கு வருவார். வயது நாற்பத்தாறு, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கை இரண்டும் ஊறி வெளுத்துப் போயிருக்கும். முதல் பெஞ்சில் உட்கார்ந்து, பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு என் வாயையே பார்ப்பார். ஒன்பது வருடமாக அங்கே வேலை. சூப்பர்வைசராக டிப்ளமா கேட்கிறார்கள் என்று சேர்ந்தவர். வகுப்பே அவரை 'லாண்டரி அக்கா' என்று கூப்பிட்டது, அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார்.

முதல் வாரப் பாடம் எளிது. தினமும் பார்க்கிற ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். அபிப்பிராயம் ஒரு சொல்கூட வரக்கூடாது. ஒருவன் தன் முதலாளியின் வழுக்கையைப் பற்றி எழுதி வந்தான். 'அழகான வழுக்கை' என்று ஆரம்பித்திருந்தான், அங்கேயே ஒரு மார்க் போனது. அக்கா, துணி பிழியும் மிஷினைப் பற்றி எழுதியிருந்தார். ஈரத் துணியை உள்ளே போட்டு மூடினால் டிரம் வேகமாகச் சுற்றித் தண்ணீரைப் பிழிந்துவிடும். நிறுத்தியபின் டிரம் முழுக்க நிற்க நான்கு நிமிடம். அதுவரை மூடி திறக்காது, அதற்கென்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அந்த ஸ்விட்சை ஒரு கம்பியால் இழுத்துக் கட்டிவிட்டால் மூடி முன்னதாகவே திறக்கும். சுற்றிக்கொண்டிருக்கும்போதே கையை விட்டுத் துணியை எடுத்துவிடலாம். சுவரில் ஒரு பலகை, அதில் 'ஒரு ஷிஃப்டுக்கு முப்பது லோடு' என்று எழுதியிருக்கும். இவ்வளவுதான். ஒரு 'ஐயோ' இல்லை, ஒரு 'பாவம்' இல்லை. நான் மகிழ்ந்துபோய் ஒன்பது போட்டேன்.

மூன்றாம் வாரம், ஏதாவது ஓர் அலுவலகக் காகிதத்தைக் கொண்டுவந்து, அதில் எது உண்மை, எது முடிவு, எது வெறும் பேச்சு என்று மூன்று நிறத்தில் கோடு போடச் சொன்னேன். மற்றவர்கள் மின்கட்டண நோட்டீஸ், லீவு லெட்டர் என்று எதையோ கொண்டுவந்தார்கள். அக்கா கொண்டுவந்தது ஒரு விபத்து அறிக்கை. மூன்றே வரி. மூன்றாவது வரி: 'இறந்தவரின் சொந்தக் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்.'

"இது யாரு அக்கா?" என்று கேட்டேன்.

"என் தம்பி, டீச்சர். அதே மிஷின்தான். நான்தான் அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டேன். ரெண்டு வருஷம் இருந்தான்."

ஈரப் படுக்கை விரிப்பு ஒன்று கையில் சுற்றி, ஆளையே உள்ளே இழுத்திருக்கிறது. அக்கா அடுத்த மிஷினில் நின்றிருக்கிறார். தம்பி அதே ஆஸ்பத்திரியில் மேல் மாடியில் மூன்று நாள் கிடந்து செத்தான். "அவன் படுத்திருந்த விரிப்பும் எங்ககிட்டதான் டீச்சர் துவைக்க வந்துச்சு" என்றார். சொல்லிவிட்டுப் பச்சைப் பேனாவை எடுத்து, அந்த மூன்றாவது வரி 'முடிவு' நிறமா, 'வெறும் பேச்சு' நிறமா என்று என்னிடம் சந்தேகம் கேட்டார்.

அவருக்கு வேண்டியது அந்த மூன்றாவது வரியை அடித்து நீக்க வேண்டும், அவ்வளவுதான். தொழிலாளர் அலுவலகத்தில் மேல்விசாரணை கேட்டு மனு போட்டிருந்தார். "அவனுக்கு ஏழு வயசுல ஒரு பொண்ணு இருக்கு டீச்சர். நாளைக்குப் பெரியவளாகி இந்தக் காகிதத்தைப் படிச்சா, அப்பா அசட்டையா இருந்து செத்துட்டார்னுதானே நினைப்பா? அந்த வரி இருக்கக்கூடாது."

அன்றிலிருந்து பாடம் நடத்துவது எனக்கே புதிதாக இருந்தது. ஆதாரம், ஊகம், விடுபட்டது என்று நான் எதைச் சொன்னாலும் அக்கா அதைச் சலவைக் கூடத்துக்குக் கொண்டுபோய் உரசிப் பார்த்துவிட்டு அடுத்த சனிக்கிழமை வருவார். பின்பெஞ்சு ஆட்கள்கூட விழித்துக்கொண்டார்கள். "அக்கா, இந்த வாரம் என்ன கண்டுபிடிச்சீங்க?" என்று வாசலிலேயே மடக்குவார்கள்.

ஆறாம் வாரம் எதிர்வாதம். அவரவர் தலைப்பில், எதிராளியின் பக்கம் நின்று, முழு பலத்தோடு வாதாடி எழுத வேண்டும். நோஞ்சான் எதிரியை நிறுத்தி அடித்துவிட்டு ஜெயித்தேன் என்று சொல்லக்கூடாது.

வகுப்பு முடிந்ததும் அக்கா மேசையருகே வந்து நின்றார். "இது ஒண்ணுக்கு மட்டும் வேற தலைப்பு எடுத்துக்கட்டுமா டீச்சர்? பஸ் கட்டணம், கிட்டணம்னு ஏதாவது?"

என் புத்தி எங்கே போயிருந்ததோ. "அக்கா, வலிக்கிற இடத்துலதான் யோசிக்கணும். நீங்களே ஓடினா எப்படி? கம்பெனி வக்கீல் என்ன சொல்வான்னு நீங்க முன்கூட்டியே எழுதிட்டா, அப்புறம் பயமே இருக்காது" என்றேன். பெரிய அறிவாளி! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது இப்போது.

எழுதி வந்தார். ஒன்றரைப் பக்கம். இறந்தவருக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டது, கையெழுத்து இருக்கிறது. 'கை விடாதே' என்று மிஷின்மேலேயே எழுதியிருக்கிறது. ஸ்விட்சைக் கட்டு என்று எவரும் வாயால் சொன்னதில்லை. அன்று கம்பியைக் கட்டியது அவருடைய கைதான். கடைசியில் இப்படி முடித்திருந்தார்: 'அடுத்த மிஷினில் நின்ற அவருடைய சொந்த அக்கா அதைப் பார்த்தார். தடுக்கவில்லை. உடன்பிறந்தவளுக்கே ஆபத்தாகத் தெரியாத ஒன்றுக்குக் கம்பெனியை எப்படிக் குறை சொல்ல முடியும்?'

இரண்டு முறை படித்தேன். பிறகு சிவப்பு மையில் எழுதினேன்: 'அபாரம். மறுக்க முடியாத வாதம். பத்துக்குப் பத்து.' ஏழு வருடத்தில் நான் யாருக்கும் பத்து போட்டதில்லை.

ஏழாம் வாரம் மறுப்பு. மறுக்க முடியாது என்று நான் எழுதியதை அக்கா மறுத்துவிட்டார். அவர் பிடித்தது ஓர் ஆணியை. கம்பியைக் கட்டாதபோது அது மிஷினுக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். 'நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அந்த ஆணி இருந்தது. என் தம்பி வந்தது ஏழு வருடம் கழித்து. முப்பது லோடு எடுக்க நான்கு நிமிடம் காத்திருந்தால் ஷிஃப்ட் போதாது, கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கம்பி வேண்டாம் என்பவர்கள் கம்பி மாட்ட ஆணி எதற்கு அடித்தார்கள்? அதை அடித்தது யார்?' வகுப்பில் அதை வாசித்தபோது வழுக்கையைப் பற்றி எழுதிய பையன் எழுந்து நின்று கைதட்டினான்.

"டீச்சர், செவ்வாய்க்கிழமை விசாரணை. இதை எடுத்துட்டுப் போகட்டுமா?" என்று கேட்டார்.

"தாராளமா எடுத்துட்டுப் போங்க அக்கா. அசந்துடுவாங்க" என்றேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்திருப்பேன்.

'இதை' என்று அவர் சொன்னது முழு ஃபைலை. எனக்குப் பட்டது அந்த ஏழாவது தாள். தனித்தாள் செல்லாது என்று ஏழு வாரம் கத்தியவள் நான்தானே? அவர் எனக்குக் கொடுப்பதுபோலவே வரிசையாக, நூல் கோத்து, அட்டை போட்டு, முழு ஃபைலையும் விசாரணை அதிகாரியின் மேசையில் வைத்துவிட்டு வந்தார்.

புதன்கிழமை மதியம் போன் வந்தது. "டீச்சர், அந்த ஆறாவதை மட்டும் கம்பெனி வக்கீல் சத்தமாப் படிச்சாரு. நான் எழுதினதுன்னு ஒத்துக்கிட்டேன். நான்தானே எழுதினேன்?"

மறுநாளே லீவு போட்டுவிட்டு அந்த அலுவலகத்துக்கு ஓடினேன். ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே விட்டார்கள். அதிகாரி மோசமான மனிதர் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர்கூடக் கொடுத்தார்.

"சார், அது வாக்குமூலம் இல்ல. பாடம். எதிர்க்கட்சி மாதிரி எழுதிப் பாருங்கன்னு நான்தான் சொன்னேன். அடுத்த தாள்ல அவங்களே அதை மறுத்திருக்காங்க, அதைப் படிச்சீங்களா?"

"படிச்சேன்மா. ஆணி, கீணின்னு ஏதோ எழுதியிருக்காங்க. அது ஊகம். இது நேர்ல பார்த்தது." ஆறாவது தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "இறந்தவர்தான் கம்பியைக் கட்டினார்னு இருக்கே, அது நடந்ததா, இல்ல பாடத்துக்காக எழுதினதா?"

நடந்ததுதான். தாளை அவர் பக்கமே திருப்பித் தள்ளினேன்.

"இந்தச் சிவப்பு மை யாருது?"

"என்னுது."

"மறுக்க முடியாத வாதம்னு நீங்களே எழுதியிருக்கீங்க. காலேஜ்ல பாடம் எடுக்கிறவங்க. நான் என்னம்மா பண்றது?"

வாய் நீளம் என்று சொன்னேன் இல்லையா, அன்று அந்த வாய் செத்துப்போனது. தட்டுத்தடுமாறி ஏதோ உளறிவிட்டு எழுந்து வந்தேன். படிக்கட்டில் நின்று அழுதேன். யாரோ ஒரு பியூன் ஒதுங்கி நின்று வழிவிட்டான்.

காலேஜில் தேர்வு நடந்ததால் எட்டாம் வார வகுப்பு இரண்டு வாரம் தள்ளிப்போனது. அதற்குள் உத்தரவு வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அக்காவுக்குப் போன் பண்ணத் தைரியம் வரவில்லை. அவர் இனி வர மாட்டார் என்றே நினைத்தேன். வராமல் இருந்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வந்தார். அதே முதல் பெஞ்சு, அதே பேனா. கடைசி வாரப் பாடம்: வேறொருவர் எழுதிய ஏதாவது ஒன்றை எடுத்து, அதன் முடிவுக்கு அடிக்கோடு போட்டு, ஆதாரத்தைச் சுற்றி வட்டம் போட்டு, ஓரத்தில் விடுபட்டது எது என்று எழுத வேண்டும். எல்லாரும் ஃபைலைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அக்கா கடைசியாக வந்து ஒரே ஒரு தாளை நீட்டினார்.

"தனித்தாள்தான் டீச்சர். ஃபைல் அங்கேயே இருக்கு, திருப்பித் தர மாட்டாங்களாம். ரெண்டு மார்க் குறைச்சுக்குங்க."

உத்தரவின் நகல் அது. 'இறந்தவரின் சொந்தக் கவனக்குறைவே காரணம் என்ற முடிவு உறுதி செய்யப்படுகிறது' என்பதற்குக் கீழே ஸ்கேல் வைத்து நேராகக் கோடு போட்டிருந்தார். 'இறந்தவருடைய சகோதரியின் எழுத்துபூர்வமான ஒப்புதல்' என்பதைச் சுற்றி வட்டம். ஓரத்தில், விடுபட்டது என்ற இடத்தில், 'ஆணி' என்று எழுதியிருந்தார்.

"அக்கா, என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். "நான் அதை எழுதச் சொல்லியிருக்கவே கூடாது."

"நீங்க சொல்லாட்டியும் அது நடந்ததுதானே டீச்சர்? நான் பார்த்துக்கிட்டுத்தான் நின்னேன். யார்கிட்டயும் சொல்லாம வெச்சிருந்தேன். அதுக்குப் பத்துக்குப் பத்து போட்டீங்க." அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அந்த ஆணி இன்னும் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு. கம்பி மட்டும் புதுசு. பழசை விசாரணைக்குன்னு எடுத்துட்டுப் போயிட்டாங்கல்ல."

"இப்ப அந்த மிஷின்ல யாரு?"

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "நான்தான். அவன் இடத்துக்கு இன்னும் ஆள் போடல. ரெண்டு மிஷினையும் நானே பார்த்துக்கிறேன்."

"கம்பி கட்டுறீங்களா?"

"கட்டாம எப்படி டீச்சர்? முப்பது லோடு எடுக்கணுமே."

மார்க் எப்போது தெரியும் என்று கேட்டார். திங்கட்கிழமை என்றேன். சரி என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.