பின்சீட்டு வாடை

மெக்கானிக்கை எல்லோரும் மோப்பக்காரர் என்றுதான் சொல்வார்கள். பழைய கார் எதைக் கொண்டுபோய் நிறுத்தினாலும், பானெட்டைத் திறப்பதற்கு முன் அதை ஒரு சுற்று சுற்றி வந்து மூக்கை இழுப்பார். கிளட்ச் கருகுகிறதா, வயர் உருகுகிறதா, ஆயில் எரிகிறதா என்று பட்டென்று சொல்லிவிடுவார். கம்ப்யூட்டரைச் செருகிப் பார்க்கிற கடைகள் தெருவுக்குத் தெரு வந்த பிறகும், பழைய வண்டியை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்கள் அவரைத் தேடித்தான் வந்தார்கள். அதில் அவருக்குத் தலைக்கனமும் உண்டு. இல்லை என்று யாராவது சொன்னால் அவரே நம்பமாட்டார்.

போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது சும்மா போகவில்லை, வாசனை தெரிவதையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்து வீடே நாறிக்கொண்டிருக்க, மனிதர் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முன்னறையில் தையல் மெஷினை விட்டு ஓடிவந்த மனைவிதான் விஷயத்தைக் கண்டுபிடித்தாள். வெளியே ஒருத்தரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அவளிடம் கெஞ்சாத குறை. டாக்டரோ, வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றார். இதைச் சொல்ல ஒரு டாக்டர் எதற்கு என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார்.

ஆனால் மூக்கை இழுப்பதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. கண்ணாலும் காதாலும் கையாலும் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டு, பெயரை மூக்குக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத் தொழில் கைகொடுத்தது. வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது, டீச்சர் வருகிறவரை.

டீச்சர் கொண்டுவந்தது அவளைவிட வயதான கார். அலைந்து திரிந்து ஆசைப்பட்டு வாங்கியது. பின்சீட்டில் பெட்ரோல் வாடை அடிக்கிறது, தன் சின்னப் பெண் உட்கார்ந்தாலே வாந்தி எடுக்கிறாள் என்றாள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு நெடுந்தூரம் போகவேண்டும், போகும் வழியெல்லாம் அவள் பின்சீட்டில் தூங்கிக்கொண்டுதான் வருவாளாம்.

டேங்க் பக்கம் கை வைக்கும் முன் பெட்ரோலைக் கேனில் வடித்துவிடுவது அவர் வழக்கம். நெருப்போடு விளையாட அவர் ஆள் இல்லை. அப்படி வடித்துவிட்டு டிக்கியைத் திறந்து பார்த்தால், பெட்ரோல் ஊற்றுகிற குழாயை டேங்கோடு சேர்க்கும் ரப்பர் வெடித்துக் கிடந்தது. அகப்பட்டான் திருடன் என்று மாற்றினார். கேனில் இருந்ததைத் திரும்ப ஊற்றி ஓட்டிப் பார்த்தார். அது டேங்கின் அடியை நனைக்கத்தான் காணும்.

சுத்தமாகப் போய்விட்டதா என்று டீச்சர் கேட்டாள். அவர் பின்கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, கண்ணை மூடி, ஆழமாக இழுத்தார். வாடையே இல்லை என்றார்.

"நீங்க மோந்து பாத்துட்டீங்கல்ல, அது போதும்ணே," என்று சாவியை வாங்கிக்கொண்டு போனாள்.

அந்த வார்த்தை அவரைப் பிடித்துக்கொண்டது. பத்தாம் நம்பர் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே பத்தாம் நம்பர் ஸ்பேனரைத் தேடினார். பெட்ரோல் கேனைத் திறந்து மூக்கை வைத்து இழுத்தார், தின்னரை இழுத்தார், தீக்குச்சியைக் கிழித்து அணைத்து அதையும் இழுத்தார். எல்லாம் வெறும் காற்று. ரப்பர் மட்டும்தானா, வேறெங்காவது கசிந்தால் நமக்கு எப்படித் தெரியும் என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது. கதவடைத்த காரில் ஒரு குழந்தை தூங்குவது கண்ணை மூடினாலும் தெரிந்தது, திறந்தாலும் தெரிந்தது. அவருக்குப் பயமாக இருந்தது. இருப்புக் கொள்ளாமல் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தவரைப் பார்த்து, ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என்ன குறைந்துவிடும் என்று மனைவி கேட்டாள். என்னவென்று சொல்லிக்கொண்டு போவது என்று அவள்மேல் எரிந்து விழுந்தார். சனிக்கிழமை சாயங்காலம் அவரே அவளைக் கிளப்பினார். பாதி தைத்த சட்டையைப் போட்டுவிட்டு அவள் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

பிரேக்கை ஒருமுறை பார்த்துவிடலாமென்று வந்தேன் என்று டீச்சரிடம் அளந்தார். இந்தக் காலத்தில் யார் இப்படி வீடு தேடி வருகிறார்கள் என்று அவள் உருகிப்போனாள். அது அவருக்கு இன்னும் உறுத்தியது. பயணத்துக்காக முந்தின நாளே டேங்கை முட்ட முட்ட நிரப்பி வைத்திருந்தாள்.

மனைவியைப் பின்சீட்டில் உட்காரவைத்துத் தெருவைச் சுற்றினார். நேர் ரோட்டில் ஒன்றுமில்லை என்றாள். அவருக்குப் பாதி உயிர் வந்தது. முனையில் இடதுபக்கம் ஒடித்துத் திருப்பினார்.

"நிறுத்துங்க."

"வருதா?"

"வருதாவா? கண்ணே எரியுது."

திரும்ப டீச்சர் வீட்டுக்கே ஓட்டி வந்து, டிக்கியில் விரிப்பைக் கிளப்பினார். டேங்கின் தலையில் பெட்ரோல் அளவு காட்டுகிற மிதவைக்கு ஒரு மூடி உண்டு. குழந்தையின் பவுடர் டப்பாவை வாங்கி அதைச் சுற்றித் தூவி, காரைப் பிடித்து ஆட்டினார். மூடியின் ஓரமாகப் பவுடர் நனைந்து வளையம் கட்டியது. கசியாமல் அடைக்க அடியில் இருந்த கார்க் பேக்கிங் காய்ந்து சுருங்கியிருந்தது. டேங்க் நிறைந்திருந்து வண்டி வளைந்தால்தான் பெட்ரோல் அதுவரை ஏறும். அடி மட்டும் நனைந்த டேங்கில் எப்படி ஏறும்? பழைய மூக்கு இருந்திருந்தாலும் அன்றைக்கு ஏமாந்துதான் இருப்போம் என்று அவருக்கு ஒரு நிமிஷம் ஆறுதலாக இருந்தது.

"பெட்ரோல் போட்டுட்டு வர்றப்ப எனக்கும் லேசா அடிச்சுதுண்ணே," என்றாள் டீச்சர். "நீங்களே இல்லன்னு சொல்லிட்டீங்க, எனக்குத்தான் பிரமைன்னு விட்டுட்டேன்."

அவர் பம்பரில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு வாசனையே தெரியாது டீச்சர். காய்ச்சல்ல போயிடுச்சு. அன்னிக்கு மோந்து பாத்தது நடிப்பு."

மனைவி தரையைப் பார்த்தாள். டீச்சர், காரில் கை வைத்து நின்றிருந்த பெண்ணைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். நாளைக்குப் பஸ்ஸில் போய்விடுங்கள், பேக்கிங்கை மாற்றி, நிறைந்த டேங்கோடு நாலு வளைவில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றார்.

"யார் பாக்கறது?" என்று கேட்டாள் டீச்சர்.



"நான் பாத்துச் சொல்றேன் டீச்சர்," என்றாள் மனைவி.

டீச்சர் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. அவரேதான் வருகிறவர்களிடமெல்லாம், மூக்கு போய்விட்டது, இப்போது மனைவிதான் மோந்து சொல்கிறாள் என்று சொல்லத் தொடங்கினார். சிலர் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். பழைய ஜீப் ஒன்றைக் கொண்டுவந்தவர் அவரைத் தாண்டி எட்டிப் பார்த்து, "அக்கா இல்லையா?" என்று கேட்டார். அவருக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் போய் மனைவியைக் கூப்பிட்டார்.

வேலை முடிந்ததும் அவள் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, அவர் ஓட்ட, இரண்டு பக்கமும் வளைந்து பார்த்து, ஒன்றுமில்லை என்றாள். அவருக்கு மனசு கேட்கவில்லை. இன்னொரு தரம் பார்க்கச் சொன்னார். ஒன்றுமில்லை என்றாள். சீட்டுக்கு அடியில் பார்த்தாயா, சளி கிளி பிடித்திருக்கிறதா என்று துளைத்தெடுத்தார்.

"நான் சொல்றத நம்பித்தான் ஆகணும்," என்றாள் அவள். "அந்த டீச்சர் உங்கள நம்பலையா?"

சொல்லிவிட்டுத் தையலுக்குப் போய்விட்டாள். ஜீப்காரர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். இவர் சாவியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.