பட்டியலில் போடாத சீட்

ஸ்ரீராம்புரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கோவிந்தராஜன் மகள் வேதநாயகி ரெசிடெண்ட் டாக்டர் என்று. அப்பா ஆட்டோ ஸ்டாண்டு வரை தம்பட்டம் அடித்து வைத்திருந்தார். "இன்னும் ரெண்டே வருஷம், எம் பொண்ணு கொழந்தைங்க ஸ்பெஷலிஸ்ட்!" அவருக்கு யார் போய்ப் புரியவைப்பது?

ரெசிடெண்ட் என்றால் எல்லாரும் ஒன்றா என்ன? மேற்படிப்புச் சீட் வாங்கி, வார்டில் வேலை பார்த்தபடியே படிப்பவர் ஒருவர். படித்து முடித்து அவருக்கு மேலே நிற்கும் சீனியர் ரெசிடெண்ட் இன்னொருவர். எம்.பி.பி.எஸ்.ஸோடு நின்று, ஆறு மாத ஒப்பந்தத்தில் அதே வேலைக்கு மாரடிப்பவர் மூன்றாமவர். இவருக்கு மேற்பட்டமும் கிடையாது, தலைமை டாக்டர் கட்டில் கட்டிலாகக் கேள்வி கேட்டுச் சொல்லிக்கொடுக்கும் ரவுண்ட்ஸில் கேள்வியும் கிடையாது. வேதா அந்த மூன்றாமவர், நான்கு வருஷமாக.

போன வருஷம் மேற்படிப்பு நுழைவுத் தேர்வில் நல்ல ரேங்க்தான். கவுன்சலிங்கில் விருப்பப் பட்டியல் போடும்போது எம்.டி. சீட்டுகளாகவே அடுக்கினாள். அவளுடைய ஆஸ்பத்திரியிலேயே குழந்தை மருத்துவத்துக்கு ஒரு டி.என்.பி. சீட் இருந்தது. மெடிக்கல் காலேஜில் சேராமல் ஆஸ்பத்திரியிலேயே படித்து வாங்குவது, சட்டப்படி எம்.டி.க்குச் சமமான பட்டம். ஆனாலும் கூடப் படித்தவர்கள் "ஐயே, டி.என்.பி.யா?" என்று மூக்கைச் சுளிப்பார்களே! போடாமல் விட்டாள். எம்.டி.யும் வரவில்லை. அந்தச் சீட்டில், அவளுக்கு நானூறு ரேங்க் கீழே இருந்த ஷ்ரேயாஸ் வந்து சேர்ந்தான். பச்சைக் குழந்தைக்கு ஊசி ஏற்ற அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். நல்ல பையன், கோபப்படவும் முடியவில்லை.

இன்று காலை ரவுண்ட்ஸ். வழக்கம்போல ஃபைல்களோடு பின்னால் நின்றாள். தலைமை டாக்டர் அனந்தபத்மநாபன் ஷ்ரேயாஸைப் பார்த்தார்.

"பொறந்து ரெண்டு நாள். பால் குடிக்கல, கைகால் நடுங்குது. மொதல்ல என்ன பாப்பே?"

அவன் திருதிருவென விழித்தான். எத்தனை நாள் ஏங்கியிருக்கிறாள், ஒரே ஒரு கேள்வி தன்னிடம் வராதா என்று! வாய் முந்திக்கொண்டது.

"ரத்தத்துல சுகர், சார்."

டாக்டர் திரும்பிப் பார்த்தார். "வேதா, உங்கள ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். போன வருஷம் நம்ம சீட்டுக்கு ஏன் போடல? உங்க பேரு வரும்னு எவ்ளோ எதிர்பார்த்தேன் தெரியுமா?"

அவர் தன்னிடம் கேட்க வேண்டும் என்று தவம் கிடந்த கேள்வியா இது? 

"தோணல சார்" என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். "ஷ்ரேயாஸ், இந்தக் கொழந்தைக்கு என்னன்னு சொல்லு."